அழுவதற்கும் இடம் வேண்டும்
புற்றுநோயும் உள்ளத்தின் வளர்ச்சியும்

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான ஆதரவாளர்களுக்கு,



சில மாதங்களுக்கு முன் ஒரு சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அழைக்கப்பட்டிருந்தோம். ஆராதனை முடிந்து ஏலம் நடந்துகொண்டிருந்த வேளையில், வருடந்தோறும் நம் மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்பும் பெரியவர் ஒருவர் எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் கொடுக்கிறோம், அது புரிகிறது. புற்றுநோய் வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்று ஓர் ஊழியம் எதற்கு? ஜெபம் பண்ணிவிட்டு வந்தால் போதாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். எங்களுக்கே பல வருடங்கள் அதற்குச் சரியான பதில் தெரியாதிருந்தது. பதிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் நம் வார்டில் படுத்திருந்த நோயாளிகள். அதை உங்கள் எல்லாரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

செய்தி வருகிற நாள்

செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நிலக்கடலையும் நெல்லும் பயிரிடுகிறவர்கள், அல்லது கூலி வேலைக்குப் போகிறவர்கள். வாயில் ஆறாத புண், மார்பில் வலியில்லாத கட்டி, மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆனபிறகும் இரத்தப்போக்கு, இப்படி ஏதோ ஒன்றோடு வருகிறார்கள். வலி இல்லை என்பதாலேயே பலர் தாமதித்து வருகிறார்கள். சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். சில நாளில் ரிப்போர்ட் வருகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்த எண்ணிக்கைக்குள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நாள் உண்டு.

அன்று நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். மகன் எங்களைத் தனியே அழைத்து, "அப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள் ஐயா, தாங்கமாட்டார். வெறும் கட்டி என்றே சொல்லியிருக்கிறோம்" என்கிறார். மறுநாள் தகப்பனார் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னவென்று தெரியும் ஐயா. பையனிடம் சொல்லிவிடாதீர்கள், பயந்துபோவான்" என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி மறைக்கிறார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால், அதன் பலனாக, மிகவும் தேவையான நேரத்தில் இருவரும் தனித்துப்போகிறார்கள்.

அத்தோடு வேறு பாரங்களும் சேருகின்றன. இது தொற்றிக்கொள்ளும் என்று எண்ணித் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. "கரண்ட் வைத்தால் உடம்பு கருகிப்போகும்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, "என்ன பாவம் செய்தாளோ" என்கிற பேச்சு. இந்தப் பேச்சு சபைக்கு வெளியே மட்டும் கேட்கிறது என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

நாங்கள் செய்த தவறு

பல வருடங்களுக்கு முன் ஒரு தாயார் நம் வார்டில் இருந்தார். மார்பகப் புற்றுநோய். வேறு ஊரில் ஆபரேஷனும் கீமோதெரபியும் முடிந்து, வியாதி எலும்புக்குப் பரவிய நிலையில் நம்மிடம் வந்திருந்தார். வாரம் இருமுறை அவர் கட்டிலருகே போவோம். "விசுவாசமாயிருங்கள் அம்மா. அழக்கூடாது. தைரியமாக இருந்தால் பாதி வியாதி போய்விடும்" என்று சொல்லி ஜெபித்துவிட்டு வருவோம். அவரும் சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்லுவார். எங்கள் வார்த்தை அவரைத் திடப்படுத்துகிறது என்று நம்பினோம். இரண்டொரு கூட்டங்களில் அவரைச் சாட்சியாகக்கூடச் சொன்னோம்.

ஒருநாள் அந்த வார்டு நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, நீங்கள் வருகிற நாளில் அந்த அம்மா விடியற்காலையிலேயே அழுது முடித்து முகம் கழுவிக்கொள்கிறார்கள். ஐயா வந்தால் அழக்கூடாது என்கிறார்கள்."

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. எங்களுக்கு முன்பாக அவர் சிரித்தது, தனக்காக அல்ல, எங்களுக்காக. தேற்றப்போனவர்களை அவர் தேற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டோம். வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இன்று நீங்கள் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்" என்றோம். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு மணிநேரம் பேசினார். நான்கு பயங்கள் அவருக்குள் இருந்தன. கான்சர் வந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள், மகளுக்குக் கல்யாணம் ஆகுமா என்பது முதலாவது. கணவர் தன்னைத் தொடவே பயப்படுகிறார் என்பது இரண்டாவது. தேவன் தன்னைக் கைவிட்டாரோ என்பது மூன்றாவது. இரவில் இடுப்பு எலும்பில் தாங்கமுடியாத வலி, அதைச் சொன்னால் விசுவாசம் இல்லை என்று எண்ணிவிடுவார்களோ என்பது நான்காவது. அந்த வலியை டாக்டரிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே மருந்து மாற்றப்பட்டது. அந்த வாரம்தான் வெகுநாளைக்குப்பின் இரவு தூங்கினார்.

ஆகவே, பெரியவரின் கேள்விக்கு எங்கள் முதல் பதில் இது: காது கொடுக்க ஒருவர் இல்லாதபோது சரீரத்தின் வலிகூட டாக்டருக்கு எட்டுவதில்லை. இங்கிலாந்தில் நர்ஸாகவும் பிறகு டாக்டராகவும் ஊழியம் செய்து, 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதையே "முழு வேதனை" என்று விளக்கினார். சரீரம், மனம், குடும்பம், ஆத்துமா ஆகிய நான்கும் ஒன்றாக நோகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் ஆற்றமுடியாது என்று அவர் கண்டார்.

வளர்ச்சி என்று எதைச் சொல்லுகிறோம்?

அந்தத் தாயாரிடம் அதன்பின் கண்ட மாற்றத்தையும் சொல்லவேண்டும். கிணற்றுப் பங்கு விஷயமாகப் பல வருடங்கள் பேசாமலிருந்த நாத்தனாரை ஆளனுப்பி வரவழைத்தார். புதிதாக வருகிற பெண்களின் கட்டிலருகே மெல்ல நடந்துபோய், "முடி கொட்டும், மறுபடி முளைக்கும், பயப்படாதே கண்ணு" என்று சொல்லுவார். நாங்கள் ஒரு மாதம் பேசியும் ஆறாத பெண் அவருடைய ஒரு வார்த்தையில் ஆறினாள். காலையில் ஜன்னல் வழியாக மலையின்மேல் வெயில் ஏறுவதைக் காட்டி, "இத்தனை வருஷம் இதைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது ஐயா" என்றார்.

மனநல ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்னும் இருவர், பெரும் துயரத்தைக் கடந்தவர்களிடம் 21 கேள்விகளைக் கொண்டு இந்த மாற்றத்தை அளக்கும் ஒரு முறையை 1996-இல் வெளியிட்டார்கள். மாற்றம் ஐந்து வகையில் காணப்படுகிறது என்றார்கள்: மற்றவர்களோடு உறவு ஆழப்படுதல், வாழ்க்கையில் புதிய வழிகள் தென்படுதல், தனக்குள் இருந்த பலத்தை அறிதல், ஆவிக்குரிய மாற்றம், ஒவ்வொரு நாளையும் அருமையாக எண்ணுதல். மேலே சொன்ன தாயாரிடம் இவற்றில் பலவற்றை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நோய் இந்த வளர்ச்சியைத் தருவதில்லை. நோய் வீட்டை இடிக்கத்தான் செய்கிறது. "நான் நல்லபடி நடந்தால் எனக்கு நல்லதே நடக்கும், நாளைக்கும் இன்று போலவே இருப்பேன்" என்று நம்பியிருந்த அஸ்திபாரமே ஆட்டம் காண்கிறது. இடிந்த இடத்தில் உட்கார்ந்து, அழுது, கேள்வி கேட்டு, மறுபடி ஒவ்வொரு கல்லாக எடுத்து வைக்கிற போராட்டத்தில்தான் வளர்ச்சி வருகிறது. அது எல்லாருக்கும் வருவதில்லை. வராதவர்கள் தோற்றுப்போனவர்களும் அல்ல.

இன்னொன்று: வளர்ச்சி வந்தால் வேதனை போய்விடும் என்பதில்லை. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 70 பெண்களையும், அதே வயதுள்ள நலமான 70 பெண்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு அமெரிக்காவில் 2001-இல் வெளிவந்தது. நோய் கண்டவர்களிடம் உறவிலும், வாழ்க்கையை மதிப்பதிலும், ஆவிக்குரிய காரியங்களிலும் வளர்ச்சி அதிகம் இருந்தது. ஆனாலும் அந்த வளர்ச்சிக்கும் அவர்களுடைய மனவேதனையின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. வளர்ந்தவர்களும் வேதனைப்பட்டார்கள். ஆனால், தங்கள் நோயைப்பற்றி மற்றவர்களோடு பேசியிருந்தவர்களிடம் வளர்ச்சி கூடுதலாகக் காணப்பட்டது. வாய்திறந்து பேச இடம் கொடுப்பது எவ்வளவு பெரிய ஊழியம் என்று இதிலிருந்து அறிகிறோம். நம் தாயாரும் மரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு குழந்தையைப்போல் அழுதார். அந்த அழுகை முன்பு கண்ட வளர்ச்சியைப் பொய்யாக்கிவிடவில்லை.

"தைரியமாக இருந்தால் குணமாகும்" என்பது சரியா?

நாங்களே பலமுறை சொன்ன வார்த்தை இது. ஆகவே இதைத் திருத்திக்கொள்ளும் கடமையும் எங்களுக்கு உண்டு.

1989-இல் டேவிட் ஸ்பீகல் என்னும் டாக்டர் ஒரு செய்தியை வெளியிட்டார். வியாதி பரவிய நிலையிலிருந்த மார்பகப் புற்றுநோயாளிகளில், வாரந்தோறும் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள், கூடாதவர்களைவிடச் சராசரியாக 18 மாதங்கள் அதிகம் உயிரோடிருந்தார்கள் என்பது அந்தச் செய்தி. உலகமே மகிழ்ந்தது. ஆனால் 2001-இல் கனடாவில் 235 பெண்களைக்கொண்டு நடத்திய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. 2007-இல் ஸ்பீகலே மறுபடி செய்த ஆய்விலும் மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. அதே 2007-இல், தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் கண்ட 1,093 பேரைக் கவனித்த ஓர் ஆய்வும், மனம் நன்றாயிருப்பது ஆயுளைக் கூட்டவில்லை என்றே காட்டியது.

இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். இது நோயாளிக்கு விடுதலை தருகிற செய்தி. வியாதி திரும்பி வந்தால், "நான் பயந்ததனால் வந்தது, என் விசுவாசம் போதவில்லை" என்று அவர் தன்னையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய கண்ணீர் அவருடைய கட்டியை வளர்க்கவில்லை. நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே உழைத்த ஜிம்மி ஹாலந்து என்னும் அம்மையார், எப்போதும் நம்பிக்கையோடிரு என்று நோயாளியை வற்புறுத்துவது ஒரு கொடுங்கோன்மை என்றே எச்சரித்தார்.

அப்படியானால் பேசுவதால் பயன் என்ன? 2001-ஆம் ஆண்டின் அதே கனடா ஆய்வில், கூடிப் பேசிய பெண்களுக்கு மனத்துயரம் குறைந்தது, வலியின் உணர்வும் குறைந்தது. நாட்களைக் கூட்ட நம்மால் ஆகாது. இருக்கிற நாளைத் தாங்கத்தக்கதாக்கலாம். அது சிறிய காரியமல்ல.

படிக்கட்டு அல்ல

1980-களில் இறையியல் கல்லூரியில் படித்தபோது எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையாரின் ஐந்து நிலைகளை மனப்பாடம் செய்தோம்: மறுத்தல், கோபம், பேரம், சோர்வு, ஏற்றுக்கொள்ளுதல். 1965-இல் சிகாகோவில் நான்கு இறையியல் மாணவர்கள் அவரிடம் போய், மரிப்பவர்களைப்பற்றிக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டதிலிருந்து தொடங்கிய வேலை அது. 1969-இல் புத்தகமாக வந்தது. மரிப்பவர்களிடமே கேட்டு அறியவேண்டும் என்று அவர் காட்டிய வழி நமக்கெல்லாம் பெரிய உபகாரம். ஆனால் நாங்கள் அதைப் படிக்கட்டாக எண்ணிக்கொண்டோம். "இவர் இரண்டாம் படியில் நிற்கிறார், ஐந்தாம் படிக்கு ஏற்றிவிடவேண்டும்" என்று முயன்றோம். வார்டில் அப்படி நடக்கவில்லை. காலையில் சமாதானமாய் இருந்தவர் மாலையில் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுகிறார். மரணத்துக்கு ஆயத்தம் என்று சொன்னவர் அடுத்த போகத்துக்கு விதைக் கடலை எடுத்துவைக்கச் சொல்லுகிறார். இதில் தவறொன்றும் இல்லை. மனித உள்ளம் அப்படித்தான் தாங்குகிறது.

சமாளிப்பதிலும் இருவகை உண்டு. மாற்றக்கூடியதை மாற்ற முயல்வது ஒன்று: டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, மாத்திரை நேரத்தை எழுதிவைப்பது, மகன் பெயருக்குப் பத்திரம் எழுதுவது. மாற்றமுடியாததைத் தாங்கிக்கொள்வது மற்றொன்று: அழுவது, பாடுவது, ஜெபிப்பது, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது. இரண்டும் தேவை. குணமாகக்கூடிய வியாதிக்குச் சிகிச்சை எடுக்காமல் ஜெபித்துக்கொண்டு மட்டும் இருப்பதும் சரியல்ல. முடிவு நெருங்கினபின்னும் ஊர் ஊராக வைத்தியம் தேடிக் கடன்பட்டு, வீட்டாரோடு இருக்கவேண்டிய கடைசி நாட்களை பஸ்ஸிலே கழிப்பதும் சரியல்ல.

சுற்றியிருப்பவர்களின் துக்கம்

நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களும் நோகிறார்கள். நம் ஊரில் இதற்கு எல்லாரும் அறிந்த ஒரு சம்பவம் உண்டு. ரமண மகரிஷி அவர்களுக்கு இடது முழங்கையருகே தோன்றிய கட்டி புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. 1949-இல் நான்கு முறை ஆபரேஷன் நடந்தது. கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று இங்கேயே காலமானார். அவருடைய போதனையும் நம்முடைய விசுவாசமும் வேறு வேறு. ஆனாலும் ஊழியர்களாகிய நாங்கள் அதில் கவனிக்கிற ஒன்று உண்டு. கலங்கி நின்ற அன்பர்கள் ஆங்கில மருத்துவம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று மாறிமாறிக் கொண்டுவந்தார்கள். பலவற்றையும் அவர் அவர்களுக்காக ஏற்றுக்கொண்டார். மக்கள் தம்மைப் பார்க்க வருவதையும் கடைசிவரை தடுக்கவில்லை. வியாதிப்பட்டவரே சுற்றியிருப்பவர்களின் மனதைத் தாங்குகிறார் என்பதை எங்கள் வார்டிலும் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் வீட்டாரோடும் தனியே உட்கார்ந்து பேசுகிறோம். அவர்களுடைய பாரம் சற்றுக் குறைந்தால் நோயாளியின் பாரமும் குறைகிறது.

வீட்டாரின் துக்கத்திலிருந்தும் வளர்ச்சி வரக்கூடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தாமே டாக்டராயிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கம் அவரை விடவில்லை. 1952-இல் சென்னை அடையாறில் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறுவருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021 ஜனவரியில் மரிக்கும்வரை அங்கேயே உழைத்தார். ஒரு சகோதரியின் கண்ணீர் எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு வைத்தியமாயிற்று! ஆனால் அடிக்கல்லுக்கு முன்னே ஏறக்குறைய முப்பது வருடங்கள் கடந்தன. துக்கத்தை அவசரப்படுத்தக்கூடாது என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

வேதம் காட்டும் வழி

யோபுவின் மூன்று சிநேகிதர் செய்த மிகச்சிறந்த காரியம், ஏழுநாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். முடிவில் தேவன் கடிந்துகொண்டது அவர்களை. முறையிட்ட யோபுவை அல்ல. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமே. பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். கெத்செமனேயில் அவரே வியாகுலப்பட்டார். தம்மோடு விழித்திருக்கும்படி சிநேகிதரைக் கேட்டார். நம் ஆண்டவருக்கே தேவைப்பட்ட துணை, நம் நோயாளிகளுக்குத் தேவைப்படாதா?

நீங்கள் சந்திக்கப் போகும்போது

உங்கள் சபையிலும் தெருவிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்:

1. கேட்டுவிட்டுப் போங்கள், பதினைந்து நிமிடம் போதும். கீமோதெரபி நாட்களில் நோயை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் போகவேண்டாம்.

2. அவர் வீட்டில் காபி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். புற்றுநோய் தட்டினாலோ டம்ளராலோ தொடுவதாலோ ஒட்டாது. நீங்கள் குடிப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் தெளிவார்கள்.

3. எதனால் வந்தது என்று ஆராயவேண்டாம். இதே வியாதியில் இறந்துபோனவர்களின் கதையைச் சொல்லவேண்டாம். சிகிச்சையை நிறுத்திவிட்டு வேறு மருந்து சாப்பிடச் சொல்லவேண்டாம்.

4. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை உங்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வருகிறேன்", "இந்த வாரம் தண்ணீர் பாய்ச்ச என் பையன் வருவான்" என்று சொல்லுங்கள்.

5. ஜெபிக்குமுன், "எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். சுகத்துக்காக என்பார் என்று எண்ணியிருப்பீர்கள். மகளுக்காக, கடனுக்காக, ஓர் இரவு தூக்கத்துக்காக என்பார்.

6. அழுதால் அழவிடுங்கள். வலி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதைச் சகித்துக்கொள்ளச் சொல்லாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். புற்றுநோய் வலிக்கு நல்ல மருந்துகள் உண்டு.

7. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிகிச்சையிலிருக்கும் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு நோய் இருப்பதாகத் தெரிகிறது. இது விசுவாசக் குறைவு அல்ல, வியாதி. இதற்கும் வைத்தியம் உண்டு. சாவதே மேல் என்று ஒருவர் பேசினால் அவரைத் தனியே விடாமல், உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் காணிக்கை

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் பெரிய சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் வேலூருக்கும் சென்னைக்கும் போய்வரும் பஸ் செலவு, கூடப் போகிறவரின் சாப்பாடு, அவர் இழக்கிற கூலி, இவை திட்டத்தில் இல்லை. பௌர்ணமி நாளில் இந்த ஊர் பஸ்ஸில் நிற்கவே இடம் கிடைக்காது. கீமோ முடித்து வாந்தியோடு திரும்புகிற ஒருவரை அந்த நாளில் ஆட்டோவில் வீடு சேர்ப்பது உங்கள் காணிக்கைதான். கட்டிலருகே ஒரு நாற்காலியும், அதில் அவசரமின்றி உட்கார ஓர் ஆளும் இருப்பதும் உங்கள் காணிக்கையால்தான்.

அந்தப் பெரியவருக்கு அன்று ஏலச் சத்தத்தின் நடுவே எங்களால் இவ்வளவும் சொல்ல முடியவில்லை. தாயாரின் கதையை மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என் மனைவியும் அப்படித்தான் ஐயா சிரித்துக்கொண்டே இருந்தாள்" என்றார். அவர் மனைவி எந்த வியாதியில் மரித்தார் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஏலம் முடிந்து கூட்டம் கலையும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தோம்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்:

வார்டில் இன்று ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்களுக்காக;
ஒருவருக்கொருவர் மறைத்துத் தனித்திருக்கும் குடும்பங்களுக்காக;
இரவு வேலை பார்க்கும் நர்ஸ்களுக்காக, எங்களுக்கு உண்மையைச் சொல்லத் துணிந்தவர்களும் அவர்களே;
அழுகையைக் கேட்கப் பொறுமையும், பேசாதிருக்க ஞானமும் எங்களுக்குக் கிடைக்கும்படியாக.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்
திருவண்ணாமலை